வரிசையில் ஒருத்தியாக

நடனக் குழு அனுப்பியிருந்த விண்ணப்பத்தில் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அடுத்து உயரத்தைக் கேட்டிருந்தார்கள். பிறகு முகம் தெரிய ஒரு படம், முழு உருவமும் தெரிய ஒரு படம், சாஃப்ட் ஷூ போட்டு ஆடியது ஒன்று, ஹார்ட் ஷூ போட்டு ஆடியது ஒன்று என இரண்டு வீடியோ. இதுவரை வாங்கிய பரிசுகளை எழுத ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.

என் மகளுக்கு அப்போது 18 வயது. டப்ளினில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி முழுக்க அவள் ஐரிஷ் நடனப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளும் சாஷ் பட்டைகளும்தான். அத்தனையையும் அந்த ஒரு வரிக்குள் சுருக்கி எழுதினாள். உயரத்தை மட்டும் சுவரில் கோடு போட்டு அளந்து, சரிபார்த்து எழுதினாள். "வரிசையில எங்க நிக்க வைக்கலாம்னு பாப்பாங்க அப்பா, அதான் கேக்குறாங்க" என்றாள்.

போட்டியில் ஆடும் ஐரிஷ் நடனம் வேறு, சம்பளத்துக்கு மேடைக் காட்சியில் ஆடும் ஐரிஷ் நடனம் வேறு. அடவுகள் ஒன்றுதான், காலணி ஒன்றுதான், இசைகூட ஒன்றுதான். ஆனால் முதலாவதில் தனியாகத் தெரிய வேண்டும். இரண்டாவதில் வரிசையோடு வரிசையாக நிற்க வேண்டும். பிள்ளை ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது பெற்றவர்களின் வேலையும் அடியோடு மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை இப்போது நாங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

நான் கோவில்பட்டிக்காரன். மனைவி நர்ஸ், அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் குடும்பமாக வந்தோம். நான் பேருந்து ஓட்டுகிறேன். அப்போது மகளுக்கு நாலு வயது. பள்ளிக்கூடம் விட்டபின் அதே கட்டிடத்தின் ஹாலில் ஐரிஷ் நடன வகுப்பு நடக்கும். கூடப் படித்த பிள்ளைகள் போனார்கள், இவளும் போனாள். பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பவில்லையா என்று ஊரிலிருந்து கேட்டவர்கள் உண்டு. அவள் வளர்கிற மண்ணின் கலை அவள் காலுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

இந்த நடனத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது. கைகள் பக்கவாட்டில் நேராக இறங்கியிருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும். எல்லாப் பேச்சும் காலில்தான். பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால்கள் ஒன்றை ஒன்று மறைக்கும்படி குறுக்காக வந்து, பெரும்பாலும் குதிகால் தரையைத் தொடாமல் ஆட வேண்டும். காலணி இரண்டு வகை. மெல்லிய தோலில் நாடா கட்டிய சாஃப்ட் ஷூவை இங்கே பம்ப்ஸ் என்பார்கள்; ரீல், ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் வரும் ஸ்லிப் ஜிக் இவற்றுக்கு அது. ஹார்ட் ஷூவின் முனையிலும் குதியிலும் ஃபைபர் கிளாஸ் கட்டை இருக்கும். ட்ரெபிள் ஜிக்கும் ஹார்ன்பைப்பும் அதில் ஆடுவார்கள். நடனக்காரி தரையைத் தட்டி எழுப்பும் ஒலியும் சங்கீதத்தின் ஒரு பகுதி.

பரதத்தில் அரைமண்டியில் இருக்கும் பெண்ணுக்கு, தட்டி ஆடும் அதிர்வில் ஒரு பகுதியை மடங்கிய முழங்காலும் தொடையும் வாங்கிக்கொள்கின்றன. ஐரிஷ் நடனத்தில் அந்த வசதி குறைவு. உயரத் துள்ளி இறங்கும்போதும் கால் நீண்டு விறைப்பாக இருப்பதுதான் அழகு; முழங்கால் மடங்கினால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். கைகளை வீசிச் சமன் செய்துகொள்ளவும் முடியாது. சில துள்ளல்களில் இறங்கும் கால் தாங்குவது உடல் எடையைப் போல நாலு மடங்கு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். குதிகால் தசைநாண் வலி, பாத எலும்பில் மயிரிழை விரிசல், கணுக்கால் பிசகு எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரணம். என் மகளுக்கும் 15 வயதில் பாத எலும்பில் விரிசல் வந்து ஒரு பருவம் முழுக்க உட்கார நேர்ந்தது.

போட்டி உலகம் பெரியது. ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்க 1893-இல் தொடங்கிய கேலிக் லீக் இயக்கம்தான் நடனத்துக்கும் ஒழுங்கு கொண்டுவந்தது. அதன் வழியாக 1930 வாக்கில் உருவான நடன ஆணையத்தை எல்லோரும் கொமிஷூன் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆசிரியர், நடுவர் தேர்வுகளை நடத்துவதும் விதிகளைப் போடுவதும் அதன் வேலை. முதல் உலகப் போட்டி 1970-இல் டப்ளினில் நடந்தது. இப்போது வேறு சில அமைப்புகளும் தனித்தனியாகப் போட்டி நடத்துகின்றன. நான் பேசுவது எங்களுக்குப் பழகிய கொமிஷூன் வழியை. உள்ளூர்ப் போட்டிக்கு ஃபெஷ் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏதோ ஒரு சிற்றூரின் விளையாட்டு மண்டபத்தில் ஒரு அக்கார்டியன்காரர் உட்கார்ந்து வாசிக்க, காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருப்பார்கள். தொடக்க நிலைகள் நாலைக் கடந்து, பிரிலிமினரி, பிறகு ஓப்பன் சாம்பியன்ஷிப். அங்கிருந்து மாகாணப் போட்டி. அதில் தகுதி பெற்றால் ஈஸ்டரை ஒட்டி வரும் உலகப் போட்டி. 2024-இல் அது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்தபோது என் மகளும் ஆடினாள். கடைசிச் சுற்றுக்கு அழைப்பதை ரீகால் என்பார்கள். முதல் இரண்டு சுற்றுகளில் மேல் பாதியில் வந்தவர்களுக்குத்தான் அது. அவளுக்கு ரீகால் கிடைத்தது.

மதிப்பெண் முறையைத் தெரிந்துகொண்டால்தான் போட்டிப் பிள்ளைகளின் மனம் புரியும். ஒவ்வொரு நடுவரும் போடுகிற மதிப்பெண்ணை அப்படியே கூட்டுவதில்லை. அதைத் தரவரிசையாக மாற்றி, அந்த வரிசைக்கு வேறு புள்ளிகள் கொடுப்பார்கள். ஒரு நடுவரிடம் முதல் இடம் வந்தால் 100. இரண்டாம் இடம் 75. மூன்றாம் இடம் 65, நாலாம் இடம் 60. ஒரு நடுவர் கண்ணில் முதலாவதாகப் படுவதற்கும் இரண்டாவதாகப் படுவதற்கும் நடுவே 25 புள்ளி; பத்தாம் இடத்துக்கும் பதினொன்றாம் இடத்துக்கும் நடுவே வெறும் 2 புள்ளி. அதனால் எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒழுங்காக ஆடுகிறவளைவிட, ஒரு நடுவரையாவது அசத்திவிடுகிறவளுக்கு லாபம் அதிகம். இதிலே மேடையில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். ஒரே இசைக்கு ஒவ்வொருத்தியும் தன் பள்ளி கொடுத்த தனி அடவுகளை ஆடுவாள். பக்கத்தில் ஆடுகிறவளைத் தாண்டி நடுவரின் பார்வை தன்மேல் விழ வேண்டும். ஒரு சுற்று இரண்டு நிமிடம்கூட நீடிக்காது.

கல் பதித்த ஆடை, சுருள் முடி விக், காலில் பூசும் டான், மின்னும் தலைப்பட்டி எல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான். ஓப்பன் நிலையில் ஆடுகிற பெண்ணுக்குப் புது ஆடை தைத்தால் 2000 யூரோ சுலபமாகப் போய்விடும். நாங்கள் பெரும்பாலும் மற்றவர்கள் போட்டு விற்றதைத்தான் வாங்கினோம். அதற்கென்று பெரிய சந்தையே இருக்கிறது. மனைவிக்கு வார இறுதிகளில் டியூட்டி வரும் என்பதால் இந்த வேலைகள் எல்லாம் என் கைக்கு வந்தன. காலுறை நழுவாமல் கெண்டைக்காலில் பசை தடவுவேன். ஹார்ட் ஷூ நாடா அவிழாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவேன். விக் அசையாதபடி கொண்டை ஊசி குத்துவேன், இடுப்பில் போட்டி எண் அட்டையைக் கட்டுவேன். ஆள் கூப்பிடும்போது தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு மேடையோரம் நிற்பேன். அங்கே என்னைப் போல அப்பாக்கள் நிறையப் பேர் உண்டு. விக்குக்கு ஊசி குத்தத் தெரிந்த லாரி ஓட்டுநர்களும் பால் பண்ணைக்காரர்களும் எனக்கு நண்பர்கள்.

போட்டிப் பிள்ளைக்கு அப்பா அம்மாவாக இருப்பது இப்படித்தான்: எல்லாவற்றையும் நாம் செய்ய வேண்டும். அட்டவணை, கார், சாப்பாடு, பணம், ஆறுதல். பிள்ளையின் பங்கு ஆடுவது மட்டும்.

மேடைக் காட்சி என்ற வழியே 1994-க்கு முன்னால் ஏறக்குறைய இல்லை. இருபது வயதைத் தாண்டினால் ஆசிரியர் தேர்வு எழுதி வகுப்பு எடுப்பார்கள், இல்லையென்றால் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். சீஃப்டன்ஸ் போன்ற இசைக்குழுக்களோடு ஒருசிலர் பயணம் போய் ஆடியதுண்டு. சிகாகோவில் பிறந்து 1975-இல் உலகப் போட்டியில் வென்ற மைக்கேல் ஃபிளாட்லியும் நியூயார்க்கைச் சேர்ந்த ஜீன் பட்லரும் அப்படிப் போனவர்கள்தான். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்தது. ஓட்டு எண்ணுகிற இடைவேளையை நிரப்ப மோயா டோஹர்ட்டி என்ற தயாரிப்பாளர் ஏழு நிமிட நடனம் ஒன்றை ஏற்பாடு செய்தார். இசை பில் வீலன். முன்னால் ஃபிளாட்லியும் பட்லரும், பின்னால் நீண்ட வரிசையாக நடனக்காரர்கள். பெயர் ரிவர்டான்ஸ். போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பதை இன்று பலர் மறந்திருப்பார்கள். இந்த இடைவேளையை மறக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில், 1995-இல், அது முழு நீள நிகழ்ச்சியாக அரங்கேறியது. ஃபிளாட்லி பிரிந்து போய் 1996-இல் லார்ட் ஆஃப் த டான்ஸ் தொடங்கினார். ரிவர்டான்ஸ் வளர்ந்து ஒரே சமயத்தில் பல குழுக்களாக உலகம் சுற்றியது. அந்தக் குழுக்களுக்கு லிஃபி, லீ, லாகன், பாய்ன் என்று அயர்லாந்தின் ஆறுகளின் பெயர்களை வைத்தார்கள். ஐரிஷ் நடனம் சம்பளம் தரும் வேலையானது அப்போதுதான். ரிவர்டான்ஸும் லார்ட் ஆஃப் த டான்ஸும் முதலில் நடந்த பாயிண்ட் தியேட்டர் லிஃபி ஆற்றுத் துறைமுகத்தில் பழைய ரயில்வே கிடங்காக இருந்தது. இப்போது அதே இடத்தில் 3அரீனா நிற்கிறது. லுவாஸ் டிராமின் சிவப்பு வழித்தடம் அங்கேதான் முடிகிறது.

கோடைதோறும் கெயிட்டி தியேட்டரில் ரிவர்டான்ஸ் நடக்கும். மகளைச் சிறுவயதில் ஒருமுறை அங்கே அழைத்துப்போனேன். முன்னால் ஆடியவர்களைப் பார்க்காமல் பின்வரிசையின் கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

கிளாஸ்கோவுக்குப் பிறகு, போட்டி போதும் என்று அவளே சொன்னாள். மேடைக் குழுக்களில் ஆடியவர்கள் கோடையில் நடத்தும் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு முதல் நாள் கிடைத்த திருத்தம், காலை இறக்கு என்பது. எவ்வளவு உயரத் தூக்குகிறாளோ அவ்வளவு நல்லது என்று வளர்ந்த பெண் அவள். வரிசையில் எல்லாக் காலும் ஒரே உயரத்தில் வர வேண்டும்; அந்த உயரத்தை நடன இயக்குநர்தான் வைப்பார். பக்கத்தில் ஆடுகிறவளைத் திரும்பிப் பார்க்காமல், ஓரக்கண்ணாலும் காதாலும் அவளோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இருபது பேருடைய ஹார்ட் ஷூவும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் முழு அரங்குக்கும் தெரியும்.

வேகமும் வேறு. ஓப்பன் சாம்பியன்ஷிப்பில் ட்ரெபிள் ஜிக்கை மெட்ரோனோமில் 73 என்கிற மெதுவான வேகத்தில் வாசிக்கிறார்கள். அந்த மெதுவான தாளத்தின் இடைவெளிகளுக்குள் எத்தனை தட்டல்களைத் திணிக்க முடியும் என்பதுதான் திறமை. நடுவர் எண்ணிப் பார்ப்பார். டிக்கெட் வாங்கி வந்த மனிதருக்கு அந்த நுணுக்கம் வேண்டியதில்லை. அவருக்கு ஓட்டமும் எழுச்சியும் வேண்டும். மேடையில் வேகம் ஏறிக்கொண்டே போகும். முகமும் வேண்டும். போட்டியில் முகத்தை யாரும் கேட்டதில்லை, அடவு தவறாமல் இருந்தால் போதும். மேடையில் கடைசி வரிசை நாற்காலிவரை சிரிப்பு போய்ச் சேர வேண்டும். சில காட்சிகளில் கைகளையும் உயர்த்த வேண்டும். சிறுவயதிலிருந்து இறக்கியே வைத்திருந்த கைகள் அவை. அந்த வாரம் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, கால்களை அசைக்காமல் கைகளையும் முகத்தையும் மட்டும் பழகிக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்துக்கான வீடியோவை எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் எடுத்தோம். மரத்தரை உள்ள இடமாகப் பார்த்துக்கொண்டோம். சிமெண்டுத் தரையில் ஹார்ட் ஷூ போட்டு ஆடக்கூடாது, எலும்புக்குக் கேடு. விக் இல்லை, கல் பதித்த ஆடை இல்லை. கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு ஷார்ட்ஸ். தலைமுதல் பாதம்வரை எப்போதும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டக்கூடாது. ஃபோனைத் தாங்கியில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். எதை அனுப்புவது என்று அவளே தேர்ந்தெடுத்தாள், மின்னஞ்சலையும் அவளே எழுதினாள். குழு மேலாளர்கள் 18 வயது நிறைந்த ஒருத்தியை வேலைக்கு எடுக்கிறார்கள். அப்பா எழுதிய கடிதம் அங்கே அவளுக்கு உதவாது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: விண்ணப்பத்தைப் பிள்ளை அனுப்ப வேண்டும், ஒப்பந்தத்தைப் பெற்றவர்கள் படிக்க வேண்டும்.

ஒப்பந்தம் வந்தது ஜெர்மனியைச் சுற்றும் ஒரு குழுவிடமிருந்து. குளிர்காலத்தில் ஜெர்மனியின் நகரங்களில் ஐரிஷ் நடன நிகழ்ச்சிகளுக்கு நல்ல வரவேற்பு. ஒரே பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் இருந்த அந்தத் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பி மூன்று பேரும் வரி வரியாகப் படித்தோம். சம்பளம் வாரத்துக்கா, நிகழ்ச்சிக்கா? ஒத்திகை நாட்களுக்கு உண்டா? தங்கும் அறையும் பயணச் செலவும் யாருடையது? ஒரு நிகழ்ச்சி ரத்தானால் என்ன? காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் எத்தனை நாள்வரை சம்பளம், வைத்தியச் செலவு யார் தருவார்கள், ஊர் திரும்ப டிக்கெட் யார் போடுவார்கள்? வாரத்தில் முழு ஓய்வு நாள் எது? என்னை உலுக்கியது அடிபட்டால் என்ன என்ற பகுதிதான். அதில் இரண்டு வரிதான் இருந்தது. இரண்டு வரி போதாது என்று நான் சொன்னேன். அவள் தயங்கினாள், கேட்டால் வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார்கள் என்று பயம். "கேக்கலாம்மா. மரியாதையா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று அவள் அம்மா சொன்னாள். அவளே எழுதிக் கேட்டாள். காப்பீட்டு விவரங்களைத் தனித் தாளாக அனுப்பிவைத்தார்கள்.

இன்னொரு விஷயம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மட்டும் உரியது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கன் பகுதியில் இல்லை. இங்கே குடியிருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஜெர்மனிக்குள் போக விசா வேண்டும். அங்கே வேலை செய்ய அதற்கு மேலும் அனுமதி வேண்டும். ஐரிஷ் பாஸ்போர்ட் இருந்தால் இரண்டும் தேவையில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. மகளுக்கு ஐரிஷ் குடியுரிமை எடுத்தபோது நடனத்தை நினைத்து எடுக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. அமெரிக்கப் பயணம் என்றால் எந்த நாட்டவருக்கும் கலைக்குழுக்களுக்கான பி (P) வகை விசாவுக்கு நிறுவனமே மனுப் போட வேண்டும். வெளிநாட்டில் இருந்து கலைத்துறைக்குப் பிள்ளையை அனுப்புகிற தமிழ்ப் பெற்றோர் பாஸ்போர்ட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

படிப்பு? இந்தக் கேள்வியை ஊரிலிருந்து எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். பள்ளி இறுதித் தேர்வை நல்லபடியாக எழுதி, பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. இங்கே கல்லூரி இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கக் கேட்கலாம். கல்லூரிக்கு எழுதி ஒப்புதல் வாங்கி, அடுத்த வருடம் மத்திய விண்ணப்பத்தில் அந்த ஒரே படிப்பை மட்டும் குறிப்பிட்டு மறுபடி பதிய வேண்டும். அதைச் செய்தோம். நடனத்தையே பட்டப்படிப்பாகப் படிக்கவும் வழி இருக்கிறது: லிமெரிக் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் உலக இசை நடனக் கல்விக்கூடத்தில் ஐரிஷ் நடனத்தில் முதுகலைவரை உண்டு. அவள் அதைப் பார்த்தாள், வேண்டாம் என்றாள். தன் பாதம் உடைந்தபோது அதை நேராக்கிய வேலையைத்தான் படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் போட்டியிலும் அவளை யாரும் குறையாகப் பேசியதில்லை. ஆனால் மேடைக் காட்சி என்பது அயர்லாந்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டப்படுவது. அந்த வரிசையில் ஒரு மாநிறப் பெண்ணை நிறுத்துவார்களா என்ற கேள்வி எங்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த மோர்கன் புல்லக் என்ற கறுப்பினப் பெண், 2020-இல் தற்காலப் பாட்டு ஒன்றுக்கு ஐரிஷ் நடனம் ஆடிய சிறு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அவரை ரிவர்டான்ஸ் தன் மேடைக்கு அழைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் என் மகள் அதை ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே பயிற்சிக்குக் கிளம்பி நின்றாள்.

ஜெர்மனிப் பயணத்தில் அவள் உடம்பு புதிதாக ஒரு பாடம் படித்தது. போட்டிப் பருவத்தில் உடம்பை ஈஸ்டர் வரைக்கும் தயார் செய்து, ஒரு நாளில் உச்சத்தைக் காட்டினால் போதும். மேடையில் வாரத்துக்கு ஆறு, ஏழு நிகழ்ச்சி. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். நேற்று ஆடிய கால்தான் இன்றும் ஆட வேண்டும். உடம்பைச் சூடேற்றும் பயிற்சி இல்லாமல் ஷூவைத் தொடுவதில்லை, முடிந்ததும் ஐஸ், பேருந்தில் கால் நீட்டித் தூக்கம். மனைவி நர்ஸ் அல்லவா, வீடியோ அழைப்பில் முதல் கேள்வியே "பாதத்தைக் காட்டு" என்பதுதான். இரண்டாவது கேள்வி சாப்பாடு. இந்தத் துறையில் மெலிந்திருக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். சரியாகச் சாப்பிடாமல் மாதவிடாய் தள்ளிப்போகிறவர்களுக்கு எலும்பு பலவீனமாகி விரிசல் விழும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. இதை மகளிடம் எந்தக் கூச்சமும் இல்லாமல் மனைவி பேசுவாள். ஒவ்வொரு நடனக்காரியின் வீட்டிலும் இதைப் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே படுகிறது.

எனக்கு வேலை ஒன்றும் இல்லாமல் போனது. ஊசி குத்த விக் இல்லை. குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுக்க வேண்டியதில்லை. கடைசியாக வாங்கிய பச்சை ஆடையை கார்க்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு விற்றோம். போட்டுப் பார்க்க வந்த 13 வயதுப் பெண்ணுக்குத் தோளில் எங்கே பிடிக்கும், எங்கே தையல் விட வேண்டும் என்று வீடியோவில் மகளே சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு டேப் சுற்றும் விதத்தை நான் காட்டிக்கொடுத்தேன்.

ஜனவரியில் ஒரு வார விடுப்பெடுத்து மனைவியும் நானும் ஜெர்மனிக்குப் போய் நிகழ்ச்சியைப் பார்த்தோம். அரங்கம் நிறைந்திருந்தது. திரை விலகியதும் வரிசை முன்னால் வந்தது. ஒரே மாதிரிக் கறுப்பு உடை, பின்னால் இழுத்துக் கட்டிய முடி. முதல் நடனம் முடியும்வரை என் மகள் யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெற்ற அப்பாவுக்கே தெரியாத அளவுக்கு அவள் அந்த வரிசைக்குள் கலந்திருந்தாள். போட்டி மேடையில் அவள் கோப்பை வாங்கியபோது வராத பெருமை அப்போது வந்தது. "இடப்பக்கம் நாலாவதுங்க" என்று மனைவி என் கையைப் பிடித்துக் காட்டினாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வலது பாதத்தை ஊன்றும்போது மட்டும் ஒரு நூலிழை கவனம் தெரிகிறதாம்.

நிகழ்ச்சி முடிந்தபின் மேடை வாசலில் அவளோடு ஆடுகிறவர்களைப் பார்த்தோம். கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஹங்கேரி. பாதிப் பேருக்கு மேல் அயர்லாந்தில் பிறக்காதவர்கள். குழுவில் மூத்தவள் ஒருத்தி, 30 வயதை நெருங்குகிறவள், ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஆடுகிறாள். இந்தத் தொழிலின் காலம் குறுகியது என்பதை அவர்கள் யாரும் மறைக்கவில்லை. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையே கடையில் வேலை செய்கிறவர்கள், வகுப்பு எடுக்கிறவர்கள், கப்பல்களில் ஆடப் போகிறவர்கள் இருந்தார்கள்.

போன வாரம் அவளுக்கு இலையுதிர்காலப் பயணத்துக்கு மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை வரிசையில் ஆடுவதோடு, முன்னால் ஆடுகிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லையென்றால் அந்த இடத்தில் ஆடவும் தயாராக இருக்க வேண்டும்; அதற்குத் தனி ஒத்திகை உண்டு, கூடுதல் சம்பளம் உண்டு. ஆனால் செப்டம்பரில் கல்லூரி தொடங்குகிறது. இரண்டாவது முறை இடத்தைத் தள்ளிவைக்கக் கல்லூரி ஒப்புக்கொள்ளுமா என்று அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். மனைவி படிப்பு என்கிறாள். நான் பயணம் என்கிறேன். 19 வயதுப் பாதம் 23-இல் இருக்காது, கல்லூரி இருக்கும். எங்கள் இரண்டு பேருடைய கட்சியையும் அவள் கேட்டுக்கொண்டாள். புதிய ஒப்பந்தத்தின் காப்பீட்டுப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.